முன்னால் எழுதும் பெயர்

அக்டோபர் 6, 1958. திங்கள்

விடாத மழை. குடையை ஆபீசிலேயே விட்டுவிட்டேன். புத்தி என்னிடம் இல்லை. பாரிஸ் போலீஸ் டெல்லியைக் கேட்க, டெல்லி எங்களைக் கேட்கிறது. மார்செய் ஓட்டல் ஒன்றில் குண்டு. பிரான்சுக்கு எதிரான அல்ஜீரிய விடுதலைச் சண்டை. வைத்தவர்களுக்கு ஒளிய அறை கொடுத்தவன் புதுச்சேரிக்காரன், தலைமறைவு. பெயர்: சூசை சேவியர்.

போலீசில் பிரெஞ்சுக் காகிதங்களை மொழிபெயர்ப்பது என் வேலை. இன்று கை ஓடவில்லை. எங்கள் அப்பா பெயர் சூசை. தம்பி சேவியர். மார்செய் துறைமுகத்தில் வேலை. ஈஸ்டருக்குப் பிறகு கடிதம் இல்லை.

அக். 7

தூக்கமில்லை. இன்ஸ்பெக்டர் மதராஸ்காரர், பிரெஞ்சு தெரியாது. "யாருய்யா இவன்?"

"நாமதான் சார் அப்பா பேரை முன்னால போடுவோம். பிரெஞ்சுக்காரங்க சொந்தப் பேரைத்தான் முன்னால போடுவாங்க. இவன் சேவியர் மகன் சூசை."

வழக்கம் அதுதான். ஆனால் அவர்கள் போலீஸ் காகிதத்தில் மட்டும் குடும்பப் பெயர் முதலில் வரும்; அப்படிப் படித்தால் என் தம்பி. அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. குருசுக்குப்பத்தில் சேவியர் மகன் சூசை ஒருவன் உண்டு. அவனும் மார்செய்தான்.

ஜீப் குருசுக்குப்பம் போனது.

அரிசி, மண்ணெண்ணெய், மனைவி மேரிக்கு இருமல் மருந்து. ஒன்றும் வாங்கவில்லை.

அக். 9

குருசுக்குப்பத்துச் சூசையின் அப்பாவைக் கூட்டி வந்து பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். வலையை அப்படியே போட்டுவிட்டு வந்தாராம். என்னைக் கண்டதும் முகம் தெளிந்தது. "நம்ம கோயில் ஆளு நீங்க. எம் புள்ளய பத்தி ரெண்டு வார்த்த நல்லதா எழுதுங்க." தலையாட்டினேன்.

ராத்திரி மேரி: "சோத்த பிசைஞ்சிட்டே இருக்கீங்களே. தம்பிகிட்டேர்ந்து கடுதாசி வந்துச்சா?" இல்லை என்றேன். தெருவில் சைக்கிள் மணி அடித்தாலே தபால்காரரோ என்று எழுந்து வாசலைப் பார்க்கிறேன்.

அக். 17. வெள்ளி

மழை விட்டது. பாரிசிலிருந்து தேடப்படுபவனின் படம் வந்துவிட்டது. உறையை என்னையே பிரிக்கச் சொன்னார் இன்ஸ்பெக்டர். மீசை புதிது. மற்றதெல்லாம் தம்பி. பாவி, ஏன்டா இப்படிச் செய்தாய்.

அடையாளம் காட்டக் கிழவரை மறுபடி அழைத்திருந்தார்கள். படத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், நெடுநேரம். "எம் புள்ள இல்லீங்க." தம்பியைத் தெரிந்தவர், யாரென்று ஏன் சொல்லவில்லை?

அவரை அனுப்பிவிட்டார்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் எங்கள் முத்தியால்பேட்டைக் கோயில் வாசலில் எல்லோருக்கும் படத்தைக் காட்ட வேண்டுமாம். படத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியவன் நான்.