மயூரா கல்யாணத்துக்கு வந்த ஆமைகள்

என் தங்கத்துக்கு,

உன் தீவில் போன் சரியாக எடுக்காது, அதனால் எழுதுகிறேன். உன் அத்தை மகள் மயூராவின் கல்யாண விருந்து நேற்று ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரை மண்டபத்தில் நடந்தது. சாப்பாடு போடும் நேரத்தில் அத்தை அலறினாள்.

"ஐயோ, கல்யாண வீட்டுக்குள்ள ஆமை வருது!"

உள்ளங்கையளவுகூட இல்லாத குஞ்சுகள் மணலிலிருந்து மண்டபத்தை நோக்கி ஊர்ந்து வந்தன. அபசகுனம் என்று எல்லாரும் பதறினார்கள். யாரோ துடைப்பத்தை எடுத்துவிட்டார். நான் மேடைக்கு ஓடி மைக்கைப் பிடுங்கினேன்.

"தொடாதீங்க லா! லைட்டெல்லாம் அணைங்க! வெளிச்சத்தப் பாத்துக் கடல்னு நெனச்சு வருதுங்க. இது அழுங்காமை, நம்ம சிங்கப்பூர்லயே முட்டை போடுறது!"

மாப்பிள்ளையே போய் விளக்குகளை அணைத்தார். இருட்டில், தூரத்துக் கப்பல்களின் வெளிச்சம் மட்டும் கடல்மேல் தெரிந்தது. குஞ்சுகள் கொஞ்சம் தயங்கின. பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பி அலைக்குள் ஓடின. பட்டுப்புடவைக்காரிகள் விசிலே அடித்தார்கள், போ!

"அண்ணி, இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் அத்தை. உனக்கு வரன் பார்க்கும்போதெல்லாம் நீ ஏதோ ஆபீஸில் வேலை பார்ப்பதாக நான் சொல்லிவைத்திருப்பது அவளிடம்தான்.

"எம்பொண்ணு சொன்னதுதான். அவ வேலையே ஆமைங்களப் பாத்துக்கிறதுதான்" என்றேன். மைக் இன்னும் கையில் இருந்தது. மண்டபம் முழுக்கக் கேட்டது.

அடுத்த முறை வரும்போது ஆமைப் படம் போட்ட உன் வேலைச் சட்டையை நான் முன்பு சொன்னபடி விமான நிலையத்திலேயே மாற்றிவிடாதே. அப்படியே நம்ம ஆட்கள் எல்லாரும் வரும் தேக்கா சந்தைக்குப் போகலாம்.

உன் அம்மா