எக்ஸ்ட்ரா கொடுத்து உட்காரும் அறை

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மோகன் சாரிடமிருந்து புதுத் தலைப்பு வந்திருக்கிறது. ‘சொகுசுக் கப்பலில் மெக்சிகன் ஸ்பெஷல் உணவகம்: கூடுதல் பணம் கொடுக்கலாமா?’ ஆங்கிலத்தில் எழுத வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்.

அவர் சென்னையில் உட்கார்ந்துகொண்டு ஓர் அமெரிக்கச் சுற்றுலாத் தளத்துக்குக் கட்டுரை சப்ளை செய்கிறார். நான் உத்திரமேரூரில் உட்கார்ந்து எழுதுகிறேன். அங்கே போய் அது ‘ஜெசிகா’ என்ற பெயரில் வரும். ஜெசிகாவுக்கு மஞ்சள் முடி, போட்டோவில் பல் தெரியச் சிரிப்பாள். உலகத்துக் கடலெல்லாம் சுற்றியவள். நான் கடலைப் பார்த்தது மாமல்லபுரத்தில், காலேஜ் டூர் போனபோது. போகும் வழியிலேயே பஸ்ஸில் வாந்தி எடுத்தேன்.

இதற்கு ஆயிரம் வார்த்தை எதற்கு? ஒரே வரி போதும். டிக்கெட்டிலேயே சாப்பாட்டுக்கும் சேர்த்து வாங்கிவிடுகிறார்கள். பொழுதெல்லாம் பஃபே திறந்திருக்கிறது, அதிலேயே ரொட்டியில் கறி வைத்து மடித்த டாக்கோவும் இருக்கிறது. அப்புறமும் பக்கத்து அறையில் போய்ப் பணம் கொடுத்து அதையே தின்றால் அது பசி இல்லை, கொழுப்பு. எழுதிவிடலாம்.

மோகன் சாரும் அதையேதான் சொன்னார். “வேண்டாம்னு எழுதும்மா ஷாரோன். வேண்டாம்னு சொன்னாதான் க்ளிக் பண்றான்.”

ஆகஸ்ட் 20, புதன்

அண்ணனிடம் சொல்லியிருக்கக் கூடாது.

ஆல்பர்ட் அண்ணன் கப்பலில் இருப்பதால்தான் எனக்கு இந்த வேலையே ஓடுகிறது. படுக்கை எப்படி, பால்கனி எப்படி, எல்லாம் அவனைக் கேட்டு எழுதுவேன். இரண்டு வருஷமாக அண்டா கழுவிக்கொண்டிருந்தான். இந்த முறைதான் மெக்சிகன் அறைக்கு மாற்றினார்கள், ரொட்டி தட்டும் வேலைக்கு. அதாவது நான் கொழுப்பு என்று எழுதப்போகும் அதே மாதிரி அறைக்கு.

“அத்த மட்டும் எழுதாத ஷாரோன்.”

“ஏன், உண்மைதானேண்ணா?”

“டேபிளு பாதி காலியா கீது. அக்டோபர் வரிக்கும் பாப்பேன், ரொம்பலேன்னா மூடிட்டு பர்கர் கடை வெச்சிடுவேன்னு மேனேஜர் சொல்லிக்கினு கீறாரு. கப்பல் ஏர்றவன்லாம் அந்த சைட்டைப் பாத்துட்டுத்தான் வரான்.”

“அப்போ உனக்கோசரம் நான் பொய் எழுதணுமா?”

“பொய் எழுதச் சொன்னனா? துன்னு பாத்துட்டு எழுது.”

நல்லா இருக்கு. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் மெக்சிகன் ஓட்டல் எங்கே இருக்கிறது?

அம்மா கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். போனை வைத்ததும் வந்தாள். “மூடனா இன்னா ஆவும்?”

நவம்பரில் ஒப்பந்தம் முடிந்து வீட்டுக்கு வந்துவிடுவான், மறுபடி போனால் அண்டாதான் என்றேன். திறந்திருந்தால் குக் என்று போட்டு மே மாதம் வரைக்கும் நீட்டிப்பார்கள். கிறிஸ்துமஸுக்கு வர மாட்டான்.

“வேணாம்னே எழுதிடு” என்றாள் அம்மா. “ரெண்டு கிறிஸ்மஸ் போச்சி.”

ஆகஸ்ட் 21, வியாழன்

அண்ணன் வீடியோ அனுப்பியிருக்கிறான். மக்காச்சோளம்தான். கோழித் தீவனத்துக்குப் போகிறதே, அதே காய்ந்த சோளம். அதை வேகவைத்து, தோலை உரித்து, அரைத்து, தட்டி, கல்லில் போடுகிறார்கள். டார்ட்டியாவாம் அந்த ரொட்டிக்குப் பேர். பஃபேயில் வைப்பது பாக்கெட்டில் வரும் ரொட்டியாம். அந்த அறையில் மட்டும் தினமும் புதுசு.

மூன்றாவது முறை திருப்பிப் போட்டதும் அது உப்பியது. எண்ணெய் இல்லை, ஈஸ்ட் இல்லை. ஏழெட்டுத் தடவை பார்த்தேன். மாவில் ஏதோ கலக்கிறார்கள், நிச்சயம்.

ஆகஸ்ட் 23, சனி

அம்மா மாகறலில் தாண்டவராயன் களத்தில் சோளம் காயவைக்கும் வேலைக்குப் போகிறாள். இரண்டு படி கேட்டு வாங்கி வந்தாள்.

“இன்னா மலர்க்கொடி, கோயி வளக்கப் போறியா?” என்றாராம்.

“எம் பொண்ணு துன்னப் போவுது” என்றாளாம் அம்மா. களமே சிரித்திருக்கிறது. அம்மா முந்தானையை விரித்துப் பிடிக்க, அவர் இடுப்பு உயரத்திலிருந்து கொட்டினாராம். அம்மா அதைச் சொல்லவில்லை. கூட வேலைக்குப் போன செவ்வந்தி அக்காதான் சொன்னாள். அம்மாவுக்கு அதில் சொல்ல எதுவும் இல்லை, எப்போதும் அப்படித்தான். எனக்குத்தான் வயிறு எரிகிறது. அந்தச் சோளத்தை அம்மா தினமும் கையால் கிளறிவிடுகிறாள், அப்போதெல்லாம் தீட்டு ஒட்டிக்கொள்ளாதாம்.

மிஷினில் அரைத்து வெந்நீர் விட்டுப் பிசைந்தேன். தட்டினால் விளிம்பெல்லாம் வெடித்தது. கல்லில் போட்டதும் நாலாகப் பிட்டுக்கொண்டது. வாயில் மண் மாதிரி இருந்தது. கொழுப்பு என்று எழுதினால் தப்பே இல்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ரொட்டி பிட்டுக்கொண்டதை நேற்று அண்ணனுக்கு எழுதி அனுப்பினேன், ராத்திரியே சிரித்து மெசேஜ் போட்டிருக்கிறான். “சுண்ணாம்பு போட்டு வேவ வெக்கணும்டி. அத்த சொல்ல மறந்துட்டேன்.”

சுண்ணாம்பா? கேலி என்று நினைத்தேன். இல்லையாம். கப்பலில் பாக்கெட்டில் வருகிறதாம், உணவுக்கென்றே.

சர்ச் முடிந்து வந்ததும் அடுப்பு மூட்டினேன். போன பொங்கலுக்கு ஊரே வெள்ளை அடித்தபோது மிச்சமான சுண்ணாம்பு பின்னால் பானையில் இருந்தது. கரைத்து ஊற்றினேன். கொஞ்ச நேரத்தில் சோளம் நீலமாகிவிட்டது. வெளிர் நீலம், ஆஸ்பத்திரிச் சுவர் மாதிரி.

அம்மா வந்து எட்டிப் பார்த்தாள். “அடிப்பாவி, அதுல நீலம் கலந்து வெச்சிருந்தேண்டி. சோறு ஆக்கறியா, வூட்டுக்கு வெள்ளை அடிக்கறியா?”

சுவர் பளிச்சென்று தெரிய நீலம் கலப்பது வழக்கம். எனக்கு எப்படி மறந்தது? போட்டோ எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். உடனே வாய்ஸ் மெசேஜ். “சூப்பர்டி. இங்க நீலச் சோளம்னு தனியா ஒரு சாதி கீது, அதுக்கு ரேட்டு அதிகம். ஜெசிகா மேடம் பாக்கெட் போட்டு அனுப்பு.”

குழி தோண்டிக் கொட்டினேன். பாதிச் சோளம் போச்சு. அண்ணனுக்கு மெக்சிகோவிலும் சாதி.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

இதை நிதானமாக எழுத வேண்டும்.

நேற்று திலகா அக்கா பெட்டிக்கடையில் வெற்றிலைக்குக் கொடுக்கும் சுண்ணாம்பு வாங்கினேன். வெறும் வெள்ளை. தண்ணீரில் கரைத்துச் சோளத்தைப் போட்டுக் கொதிக்கவிட்டு, மூடி வைத்துவிட்டேன். காலையில் மூடியைத் திறந்தேன். மழை விழுந்த மண் வாசனை, கூடவே புது வீட்டுச் சுவர் வாசனை. இரண்டுக்கும் நடுவில் ஏதோ சாப்பிடும் வாசனை.

ஒரு சோளத்தை எடுத்துத் தேய்த்தேன், தோல் கழன்றுவிட்டது. அவ்வளவு கெட்டியான தோல், கல்லு மாதிரி இருந்தது. விரலிலே வழுக்கிக்கொண்டு போயிற்று. தண்ணீர் தெளியும் வரை கழுவி அம்மியில் அரைத்தேன். அதுதான், அங்கேதான் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. சனிக்கிழமை மணலாக உதிர்ந்த அதே சோளம் இப்போது களிமண் மாதிரி கையோடு வருகிறது. உருட்டினால் உருள்கிறது. பால் பாக்கெட்டை வெட்டி இரண்டு கவருக்கு நடுவில் வைத்துத் தட்டால் அழுத்தினேன். விளிம்பு வெடிக்கவில்லை.

கல்லில் போட்டேன். திருப்பினேன். மறுபடி திருப்பினேன். நடுவில் ஒரு கொப்புளம் எழுந்தது. அப்புறம் முழுசும், மெதுவாக, யாரோ உள்ளே இருந்து மூச்சு விட்டமாதிரி.

கை வைக்கவே பயமாக இருந்தது.

ஒன்றும் தொட்டுக்கொள்ளாமல் தின்றேன். உப்புகூட இல்லை. என்ன ருசி அது? சோளம்தான், ஆனால் சோளம் இத்தனை நாள் நம்மிடம் சொல்லாமல் வைத்திருந்த ஏதோ ஒன்று. அம்மா ஒரு விள்ளல் வாயில் போட்டாள். மென்றாள். அடுத்த விள்ளலுக்குக் கை நீட்டினாள். “கோயிங்க குட்த்து வெச்சதுங்க” என்றாள்.

சுண்ணாம்பு நம்மிடமும் உண்டு. வெற்றிலையில் தடவினோம், சுவரில் அடித்தோம். சோளத்தில் போடலாம் என்று அங்கே எவளோ ஒருத்திக்குத் தோன்றியிருக்கிறது. எதைப் பார்த்துத் தோன்றியது? எத்தனை பானை வீணாகியிருக்கும்? நிச்சயம் பட்டினி கிடந்தவளாகத்தான் இருப்பாள். நிலம் இருக்கிறவனுக்குச் சோளத்தோடு இப்படி மல்லுக்கட்டத் தேவையில்லை.

ஆகஸ்ட் 28, வியாழன்

‘வேண்டாம்’ என்றால் அம்மாவுக்குச் சந்தோஷம், மோகன் சாருக்கு க்ளிக். ‘வேண்டும்’ என்றால் அண்ணனுக்கு வேலை. யாருக்காகவும் எழுதப் போவதில்லை. வாய் என்ன சொல்கிறதோ அது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

அனுப்பிவிட்டேன். டாக்கோவுக்காகப் போகிறீர்கள் என்றால் போகாதீர்கள், பஃபேயிலேயே கிடைக்கிறது, மெழுகுவர்த்திக்கும் பாட்டுக்கும்தான் பணம் பிடுங்குகிறார்கள் என்று எழுதினேன். ஆனால் முதலில் வாசலில் நின்று கேளுங்கள்: சோளத்தை நீங்களே அரைக்கிறீர்களா? ஆமாம் என்றால் உள்ளே போங்கள். கல்லிலிருந்து எடுத்த டார்ட்டியா ஒன்றைக் கேளுங்கள், மேலே எதுவும் வைக்காமல். அது ஒன்றுக்கே கொடுத்த பணம் சரியாகிவிடும். மற்றதெல்லாம் அலங்காரம். சுண்ணாம்பு வாங்கி வந்து வீட்டில் நானே சுட்டுப் பார்த்ததையும் சேர்த்தேன்.

மோகன் சார் கூப்பிட்டார். “ஜெசிகா எதுக்கும்மா சுண்ணாம்பு வாங்கறா?”

“அமெரிக்காவுலயும் கிடைக்குது சார். தேடிப் பாத்துட்டேன்.”

“வேண்டாம்னு போடுன்னேனே.”

“பாதி வேண்டாம்னுதான் சார் இருக்கு.”

பெருமூச்சு விட்டார். வேறு கட்டுரை கைவசம் இல்லை போல. போட்டுவிட்டார்.

அம்மாவிடம் என்ன எழுதினேன் என்று சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

கட்டுரைக்குக் கீழே ஒருவர் கேட்டிருக்கிறார்: ‘ஜெசிகா, நீ மெக்சிகோவில் பிறந்தவளா?’ மஞ்சள் முடிக்காரி சிரித்துக்கொண்டே இருக்கிறாள்.

செப்டம்பர் 30, செவ்வாய்

அண்ணனிடமிருந்து புதுசாக எதுவும் இல்லை. டேபிள் இன்னும் காலிதான்.

அக்டோபர் 11, சனி

காலையில் அண்ணன் கூப்பிட்டான். குரலே வேறு.

நேற்று ஒரு கிழவரும் அவர் மனைவியும் அறை வாசலில் நின்று சோளம் யார் அரைக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறார்கள். உட்கார்ந்ததும் வெறும் டார்ட்டியா வேண்டும் என்று போனை நீட்டிக் காட்டினார்களாம். சர்வருக்கு ஒன்றும் புரியவில்லை, உள்ளே ஓடி வந்திருக்கிறான். அண்ணன் தட்டிப் போட்டு அவனே எடுத்துப் போய்க் கொடுத்தான்.

“அந்தம்மா கண்ண மூடிக்கினு துன்னுச்சி ஷாரோன். நான் அங்கியே நின்னுட்டேன். யாருமே அப்புடி துன்னு நான் பாத்ததில்ல. பக்கத்து டேபிள்காரனும் எனக்கும் அதே குடுன்றான்.”

“நீ இன்னா சொன்ன?”

“இன்னா சொல்றது. இங்கிலீஷ் மறந்துபோச்சி. கையெடுத்துக் கும்பிட்டேன்.”

வாசலில் எருமை போகிறது, எதிர்வீட்டில் டிவி கத்துகிறது. நான் இங்கே எழுதியதைப் படித்து எந்தக் கடலிலோ ஒருத்தி என் அண்ணன் கையால் வாங்கித் தின்றிருக்கிறாள். யாரும் எட்ட நின்று கொட்டவில்லை. நான் சாமி பக்தி அதிகம் இல்லாதவள். ஆனாலும் எழுந்து போய் இயேசு படத்துக்கு முன்னால் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

அக்டோபர் 31, வெள்ளி

அறையை மூடவில்லை. அண்ணனைக் குக் என்று போட்டுவிட்டார்கள், மே வரைக்கும்.

இன்னொன்று. தட்டோரம் சும்மா வைத்துக்கொண்டிருந்த வெறும் டார்ட்டியாவை மெனுவில் தனியாக ஏற்றி, அதற்கும் ஒரு விலை போட்டுவிட்டார்களாம். நல்லதாக ஒன்றைக் கண்டுபிடித்துச் சொன்னால் முதலாளி முதலில் செய்வது இதுதான். சுண்ணாம்பு கண்டுபிடித்தவளுக்கு இதில் பங்கு உண்டா? தட்டுகிறவனுக்கு? எனக்குச் சிரிப்பும் வருகிறது, உதைக்கவும் தோன்றுகிறது.

அம்மாவிடம் நானே சொன்னேன், கிறிஸ்துமஸுக்கு வர மாட்டான் என்று. நான் எழுதியதையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்தாள். பாதியில் முறத்தை வைத்துவிட்டு எழுந்து போனாள்.

நவம்பர் 3, திங்கள்

அம்மா இன்னும் என்னோடு பேசவில்லை. சோறு மட்டும் வைக்கிறாள்.

டிசம்பர் 25, வியாழன்

காலையில் அண்ணன் வீடியோவில் வந்தான், கப்பல் சமையலறையிலிருந்து. வெள்ளைச் சட்டை, நெஞ்சில் பெயர். பின்னால் அவனோடு வேலை செய்யும் மெக்சிகோக்காரி ரொசாலியா எட்டிப் பார்த்துக் கையாட்டினாள். டேபிளெல்லாம் நிறைந்துவிட்டது, நிற்க நேரமில்லை என்றான். பேசிக்கொண்டே தட்டினான், கல்லில் போட்டான். பார்க்காமலே திருப்பினான். அம்மா போனை முகத்துக்கு அவ்வளவு கிட்டே வைத்துக்கொண்டிருந்தாள்.

“இளைச்சிட்டியா நைனா?”

“இல்லம்மா. குண்டாயிட்டேன்.”

“பொய் பேசாத.”

யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். ஏதோ ஒரு பாஷையில் பதில் சொல்லிவிட்டு, “அப்பறம் பேசறேம்மா” என்று வைத்துவிட்டான். அம்மா இருட்டான திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் என்னைக் கேட்டாள். “அவன் கையால ஒரு வாய் துன்னணும்னா, நாம போனாலும் எக்ஸ்ட்ரா குடுக்கணுமா?”

“ஆமாம்மா.”

போனை முந்தானையில் துடைத்து என்னிடம் கொடுத்தாள்.

“குடுக்கலாம்” என்றாள். சர்ச்சுக்கு நேரமாகிவிட்டது, தலையைப் பின்னிக்கொள் என்று சீப்பை எடுத்து என் மடியில் போட்டாள்.