அத்தையைப் பார்த்தது யார்

மார்ச் 3, செவ்வாய்

காலையிலிருந்தே வெயில் கொளுத்துகிறது. குழாயில் தண்ணீர் நூல் மாதிரி. வாங்க வேண்டியது: நெத்திலி, பூண்டு, சவர்க்காரம்.

குடும்ப வாட்ஸ்அப்பில் வ. ஒரு படம் போட்டிருக்கிறாள். வ. என்றால் வசந்தி, என் கொழுந்தன் பெண்டாட்டி. முழுப்பெயர் எழுதினால் மை வீண். இன்டர்நெட்டில் இலவசமாகப் படிக்கிறாளாம். முதியோர் பராமரிப்பு. கீழே ஒரு வரி: 'அத்தையைப் பார்த்துக்கிட்ட அனுபவம் இருக்கு, அதான் தைரியமா சேர்ந்தேன்.' அதற்கு ஆளாளுக்கு இதயப் படம். என் வீட்டுக்காரரும் ஒன்று. கண்ணாடி போடாமல் தட்டிவிட்டாராம்.

படுக்கையில் கிடந்த மாமியாரை மூன்று வருடம் குளிப்பாட்டி, ஊட்டி, பீ மூத்திரம் அள்ளியது நான். வ. ஞாயிற்றுக்கிழமை ரவாங் டவுனிலிருந்து காரில் வருவாள். ஆரஞ்சுப் பழம். கட்டிலோரம் நின்று ஒரு செல்ஃபி. கிளம்பிவிடுவாள். கருமாதியன்று பெரிய மாமா எல்லார் முன்னாலும் சொன்னார்: "வசந்தி மாதிரி மருமக கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும்லா." நான் பின்பக்கம் அண்டா கழுவிக்கொண்டிருந்தேன். நோகாமல் நுங்கு தின்கிறவள். மாமா சொன்ன அந்த வார்த்தை இன்னும் எனக்கு எரிகிறது.

மார்ச் 5, வியாழன்

நானும் அதே வகுப்பில் சேர்ந்துவிட்டேன். அவளுக்கு முன்னால் சர்டிபிகேட் வாங்கி, பிரேம் போட்டு, அதே குரூப்பில் போட வேண்டும். பார்க்கட்டும் எல்லாரும்.

மகள் துர்காதான் போனில் பதிந்து கொடுத்தாள். எத்தனை பாடம்! ரொட்டி சுடுவது, நட்சத்திரம் பார்ப்பது, கம்பெனிக் கணக்கு, நாயின் மனசைப் புரிந்துகொள்வது. எல்லாம் சும்மாவே.

"அம்மா, நாய் கோர்ஸ் எடுங்கலா. சித்தியப் புரிஞ்சிக்கலாம்."

வயிறு வலிக்கச் சிரித்தேன்.

பாடம் மலாயில். புரிகிறது. ஒருத்தி பொம்மையைக் கட்டிலில் போட்டுப் புரட்டிக் காட்டுகிறாள். அது முனகவில்லை, திட்டவில்லை. தங்கமான பொம்மை.

மார்ச் 10, செவ்வாய்

மழை. அவருடைய செம்பனைக் குலை ஏற்றும் லோரி சேற்றில் மாட்டிக்கொண்டது, சாப்பிட வரவில்லை. மீன் குழம்பு அப்படியே.

கட்டுரை அனுப்பினேன். 'நீங்கள் பராமரித்த ஒருவரைப் பற்றி எழுதுங்கள்.' எழுதும்போது அழுகை. அத்தை என்னைத் திட்டாத நாளே கிடையாது. ஆனாலும்.

வாத்தியார் திருத்த மாட்டாராம். கூடப் படிக்கிறவர்களே ஒருவர் கட்டுரைக்கு ஒருவர் மார்க் போட வேண்டும். பெயர் காட்ட மாட்டார்கள். மார்க் போட எனக்கு மூன்று கட்டுரை வரும்.

மார்ச் 12, வியாழன்

முதல் கட்டுரை யாரோ கெடா மாநிலத்துக்காரர், தன் அப்பாவைப் பற்றி. பாவம், நன்றாக எழுதியிருந்தார். இரண்டாவது நாலே வரி. மூன்றாவதைத் திறந்தேன்.

'பத்தாங் பெர்ஜுந்தாயில் என் மாமியாரை மூன்று வருடம் தனியாளாகப் பார்த்துக்கொண்டேன்.'

மைலோவை பிளாஸ்க் மூடியில் ஊற்றினால்தான் குடிப்பார். குதிகாலில் தேங்காய் எண்ணெய். முதுகுக்கடியில் மடித்த சாரோங் கைலி. எங்கள் ஊரேதான். பெயர் இல்லாவிட்டால் என்ன, இது வேறு யார்? எல்லாம் நான் செய்தது. அதிலும் சாரோங் குளிருக்காகப் போட்டதாம்! அடி மக்கு! அதைப் பிடித்து இழுத்துத்தானே நான் அத்தையைத் தனியாகப் புரட்டினேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எட்டிப் பார்த்தவளுக்கு என்ன தெரியும்.

பூஜ்யம். வேறு பேச்சே இல்லை. நாளை வரை நேரம் இருக்கிறது. ஆற அமர, ருசித்துப் போடலாம்.

மார்ச் 13, வெள்ளி

வ. மறுபடி குரூப்பில். கோலசிலாங்கூரில் ஒரு முதியோர் இல்லத்தில் ஆள் எடுக்கிறார்களாம். சர்டிபிகேட் கையில் வந்ததும் வேலையாம். 'ஏர்கோன் ரூம்தான், சும்மா மேற்பார்வை.' பெரிய மாமா கைகூப்பும் படம் போட்டிருக்கிறார்.

அடுப்படியில் நின்று யோசித்தேன். பூஜ்யம் போட்டால் என்ன ஆகும்? அழுவாள். கம்ப்யூட்டர் கோளாறு என்பாள். எல்லாரும் ஆறுதல் சொல்வார்கள். அவ்வளவுதான். பாஸ் ஆனால், நிஜக் கட்டில் முன்னால் நிற்க வேண்டும்.

முழு மார்க் போட்டேன். எல்லாக் கட்டத்திலும். கருத்து எழுதும் இடத்தில்: 'இவர் கைராசிக்காரர். நோயாளிகள் கொடுத்து வைத்தவர்கள்.' போ தாயி, போய் அள்ளு.

அங்கே கிடக்கிறவர்களை நினைத்தால் கொஞ்சம் உறுத்துகிறது. கொஞ்சம்தான்.

ஏப்ரல் 1, புதன்

எனக்கும் சர்டிபிகேட் வந்தது. குரூப்பில் போட்டேன். இரண்டு கட்டைவிரல். முந்தாநாள் அவளுடையதற்குப் பட்டாசு, கேக், கும்பிடு எல்லாம். இருக்கட்டும்.

துர்கா மட்டும் கட்டிப்பிடித்தாள்.

ஏப்ரல் 6, திங்கள்

வ.வுக்கு இன்று முதல் நாள் வேலை. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன், அவளிடமிருந்து போன்.

"அக்கா, ஆபீஸ் இல்லக்கா, கட்டில் பக்கம் போட்டுட்டாங்க. ஒரு பாட்டி வாயத் திறக்கவே மாட்டேங்குறாங்க. காலையிலேருந்து பட்டினி. நர்ஸுங்க எல்லாம் பார்த்துக்கிட்டு நிக்கிறாங்க. அத்தைக்கு எப்படிக்கா ஊட்டுவீங்க?"

ஊட்டுவீங்க! ஆக, ஊட்டியது யார் என்று தெரியும்.

"எனக்கென்னம்மா தெரியும்? மூணு வருஷம் தனியாளாப் பார்த்தவ நீதானே."

 போனில் பின்னால் யாரோ வறட்டு இருமல் இருமினார். அந்தப் பாட்டியாக இருக்கும். பாவம்தான். ஆனாலும் விடவில்லை.

"ஸ்பீக்கர்ல போடு."

"அக்கா, ப்ளீஸ்லா…"

"போடு. அத்தையை யார் பார்த்ததுன்னு அவங்க காதுல விழுற மாதிரி சொல்லு. அப்புறம் நான் சொல்றேன்."

ஸ்பீக்கரைத் தட்டினாள். அப்புறம் மெதுவாக, "எங்க அக்காதான் பார்த்தாங்க. நான் பார்க்கல."

"தமிழ்ல சொன்னா யாருக்குப் புரியும்? மலாய்ல சொல்லு."

மலாயிலும் சொன்னாள். சத்தமாக. அழுதாள் போலிருக்கிறது.

"சரி. தலைப்பக்கம் நல்லா உயர்த்திவிடு. கரண்டிய வாய்கிட்ட நீட்டாதே. பக்கத்துல உக்காந்து நீ முதல்ல ஒரு வாய் சாப்பிடு. அவங்க பார்க்கட்டும்."

கொஞ்ச நேரம் கழித்து மெசேஜ். பாட்டி அரைக் கிண்ணம் சாப்பிட்டாராம்.

நாளைக்கும் கூப்பிடுவாள். கூப்பிடட்டும். நாளைக்கும் சொல்ல வைப்பேன்.