மூன்று பங்கு பழையது, ஒரு பங்கு புதியது

செஞ்சி
3.2.2025

அன்புள்ள மதிக்கு,

நம் பையன் வீட்டு நாய்க்குட்டியை இங்கே அனுப்புவதைப் பற்றிப் போன வாரம் போனில் பேசும்போது நீ ஒரு கேள்வி கேட்டாய். "அந்தக் குட்டிகிட்ட யாராவது ஒரு வார்த்த கேட்டீங்களா?" நான் சிரித்தேன். பின்னால் நம் அருகனும் மருமகளும் சிரித்ததும் கேட்டது. நீ ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவதால்தான் கடிதம் எழுதுகிறேன். போனில் "நல்லா இருக்கேன்" என்பதற்கு மேல் நீ பேசுவதில்லையே.

பட்டாணி வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தான். பெங்களூரில் பதினோராவது மாடி பால்கனிக் கூண்டில் இருந்த நாய்க்குட்டி, இவ்வளவு பெரிய வாசலைக் கண்டால் துள்ளி ஓடும் என்று நினைத்தேன். நேராக என் ஸ்கூட்டருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான்.

ஒரு தப்பு செய்துவிட்டேன். அருகன் கொடுத்தனுப்பிய தீனிப் பையில் கோழி படம் போட்டிருந்தது. சமண வீட்டுக்குள் அதை எப்படி வைப்பது? உடனே பக்கத்து வீட்டுக் கன்னியப்பனின் நாய்க்குக் கொடுத்துவிட்டு, குட்டிக்குப் பருப்புச் சோறு வைத்தேன். மறுநாளே வயிற்றுப்போக்கு. துவண்டுவிட்டான். இன்று காலை கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டர் சின்னப் பையன்தான், ஆனால் என்னைக் காய்ச்சி எடுத்துவிட்டார்.

"இன்னா சார், முப்பத்தஞ்சு வருஷம் கணக்கு வாத்தியாரா இருந்திருக்கீங்க. ஒண்ணாங்கிளாஸ் புள்ளய மறுநாளே பத்தாங்கிளாஸ்ல குந்த வெப்பீங்களா? எடம் புச்சு, ஆளு புச்சு, சோறும் புச்சா?"

மூன்று பங்கு பழைய தீனி, ஒரு பங்கு நம் சோறு. சில நாள் கழித்துப் பாதிக்குப் பாதி. பிறகு ஒரு பங்கு பழையது. பத்து நாளாவது ஆகவேண்டுமாம். பின்னக் கணக்குத்தான். கன்னியப்பனிடம் போய்ப் பையைத் திருப்பிக் கேட்டேன். "நல்ல ஆளு சார் நீங்க! குடுத்தத திருப்பிக் கேட்டா எங்க வீட்டு நாயி உங்கள மதிக்குமா?" என்கிறான். பை இப்போது ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. வீட்டுக்குள் வரவில்லை. நீ சம்மதித்தால் அங்கேயே இருக்கட்டும்.

வந்த நாளிலிருந்து இரவு எட்டு மணிக்கு ஒரு வேளை வைக்கிறேன். முகர்ந்துகூடப் பார்ப்பதில்லை. ஏன் என்று தெரியவில்லை.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அங்கே கீழே பார்க் இருக்கிறது என்று அருகன் சொன்னான். தினமும் நட.

உன்
மல்லிநாதன்


பெங்களூர்
7.2.2025

என்னங்க,

உங்கள் கடிதத்தைத் தனகோட்டிதான் கீழேயிருந்து கொண்டுவந்தாள். இங்கே வீட்டு வேலைக்கு வருகிற தர்மபுரிப் பெண். இதைத் தபாலில் சேர்க்கப் போவதும் அவள்தான்.

பை ஸ்கூட்டரிலேயே இருக்கட்டும். நாய்க்கு ஏது விரதம்? நீங்கள் கை கழுவிவிட்டு அடுப்படிக்குள் போங்கள். தனி ஸ்பூன் வையுங்கள். என் நெய் ஸ்பூனை மட்டும் தொட்டீர்களோ, அப்புறம் பேச்சே வேறு.

எட்டு மணிக்கு அவன் சாப்பிடமாட்டான். அது என் தப்பு. இங்கே எல்லோரும் ஒன்பதரைக்குத்தான் சாப்பிடுகிறார்கள். பொழுது சாய்ந்தபின் நான் சாப்பிடுவதில்லை என்பதால் ஐந்தரைக்கே தட்டை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுவேன். உங்கள் பேத்தி ஜினிஷா கார்ட்டூன் ஓடினால்தான் வாயைத் திறப்பாள். அதனால் கூண்டைத் திறந்து பட்டாணியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வேன். அவன் கிண்ணத்தில் அவன் தீனி, என் தட்டில் என் சோறு. யாருக்கும் தெரியாமல் ஒரு பிடி தயிர்சோறும் அவனுக்குப் போகும். இந்த வீட்டில் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டவன் அவன் ஒருத்தன்தான். நீங்களும் ஐந்தரைக்கு அவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். அவனும் சாப்பிடுவான்.

கூண்டு இருந்த இடத்தில் இப்போது துணி காயவைக்கும் ஸ்டாண்ட் நிற்கிறது. நான் அதன் பக்கத்தில் உட்காருகிறேன்.

நடக்கச் சொல்கிறீர்கள். வாசல் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும். கட்டைவிரலை வைத்தால் திறக்கும். என் விரல் அதற்குத் தெரிவதில்லை. நம் ரேஷன் கடையிலேயே என் ரேகை விழாமல் நீங்கள்தானே போவீர்கள்? நம்பர் அடித்தாலும் திறக்குமாம். மாதத்துக்கு ஒரு நம்பர். எனக்குச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். வெளியே போவது சுலபம், உள்ளே வருவதுதான் முடியாது. அதனால் போவதில்லை.

அவனைச் சங்கிலியில் கட்டாதீர்கள்.

அனந்தமதி


செஞ்சி
15.2.2025

அன்புள்ள மதிக்கு,

நீ சொன்னது பலித்தது. ஐந்தரைக்கு நான் தட்டோடு உட்கார்ந்தேன். ஐந்து நிமிடம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வந்து உட்கார்ந்து கிண்ணத்தைக் காலி செய்தான். இப்போது முக்கால் பங்கு நம் சோறுதான். பருப்பு, கொஞ்சம் பன்னீர், டாக்டர் கொடுத்த சத்து மருந்து. வயிறு சரியாகிவிட்டது. சங்கிலியும் போடவில்லை. நம் கோட்டையில் கிருஷ்ணகிரி மலைப்பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். குரங்கைப் பார்த்து என் காலுக்கு நடுவில் ஒளிந்துகொண்டான், வீரன்!

விரலுக்கு நல்லெண்ணெய் தேய்த்துப் பார்.

நேற்று அருகன் பேசினான். "நைனா, ஜினிஷா ஸ்கூல் சேர்ற வரைக்கும் அம்மா இங்கயே இருக்கட்டும். ஒண்ணர வருஷந்தான்" என்றான். ஆகட்டும் என்றேன். உனக்கும் பேத்தியோடு பொழுது போகும். அவனுக்கும் டென்ஷன் இல்லை.

உன்
மல்லிநாதன்


பெங்களூர்
19.2.2025

என்னங்க,

நீங்கள் ஆகட்டும் என்று சொன்ன அதே வெள்ளிக்கிழமை, நாலரை மணிக்கு, ஜினிஷாவை இடுப்பில் வைத்துக்கொண்டு குப்பைப் பையை வாசலில் வைக்கப் போனேன். கதவு மூடிக்கொண்டது. போன் உள்ளே. எதிர் வீடு பூட்டியிருந்தது. விரலைப் புடவையில் துடைத்துத் துடைத்து வைத்தேன். ஒவ்வொரு தடவையும் சிவப்பு விளக்குதான் எரிந்தது. குழந்தை பசியில் அழுது மாடிப்படியில் என் மடியிலேயே தூங்கிவிட்டது. ஏழு மணிக்கு அவர்கள் வந்தார்கள். "ஏம்மா வெளிய போன?" என்று அருகன் கேட்டான். கோபமாகக்கூட இல்லை. அதற்குள் இருட்டிவிட்டது. அன்று நான் சாப்பிடவில்லை. யாரும் அதைக் கவனிக்கவும் இல்லை.

நாய்க்கு மூன்று பங்கு, ஒரு பங்கு என்று கணக்குப் போடுகிறீர்கள். நல்லது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் காலையில் அருகன் போன் செய்தான். "அனுப்பறேன்" என்று நீங்கள் சொன்னீர்கள். நான் அடுப்படியில் இட்லிக்கு அரிசி ஊறவைத்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் பஸ்ஸில் இருந்தேன். எடம் புதுசு, ஆளு புதுசு, சோறும் புதுசு. உங்களைத் திட்ட அன்று ஒரு டாக்டர் இல்லை.

அந்தக் குட்டியிடம் கேட்டீர்களா என்று நான் கேட்டது குட்டிக்காக இல்லை.

நான் சண்டைக்கு வரவில்லை. ஜினிஷாவை விட்டுவிட்டு ஓடிவரவும் என்னால் முடியாது. அவள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறாள். அருகனிடம் எதுவும் சொல்லவேண்டாம். இனி எழுதுவதற்கும் ஒன்றும் இல்லை.

அனந்தமதி


செஞ்சி
24.2.2025

மதிக்கு,

உன் கடிதத்தை ஐந்தரைக்குத் தட்டின் முன்னால் உட்கார்ந்து படித்தேன். பட்டாணி காத்துக்கொண்டிருந்தான். நான் சாப்பிடாததால் அவனும் சாப்பிடவில்லை.

நீ ஊறவைத்த அந்த அரிசியைப் பற்றி உன்னிடம் சொன்னதே இல்லை. மூன்றாம் நாள் நாற்றம் வந்த பிறகுதான் அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரிந்தது. கிணற்றடியில் கொட்டிவிட்டுப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தேன். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. ஒரு கணக்கை வகுப்பில் தப்பாகச் சொல்லிக் கொடுத்தால் மறுநாள் பலகையில் எல்லோர் முன்னாலும் அழித்து எழுதுவேன். உன் விஷயத்தில் இரண்டு வருஷம் அழிக்காமல் விட்டிருக்கிறேன். என்னை மன்னித்துவிடு.

நீ வேண்டாம் என்றாய். இருந்தாலும் அருகனிடம் பேசினேன், என் தப்பைப் பற்றி மட்டும். "உங்கம்மாவ நான் கேக்காமலே அனுப்பிட்டேன்டா. போன வாரமும் கேக்காமலே ஆகட்டும்னுட்டேன்" என்றேன். "நாங்களும் கேக்கல நைனா" என்றான் அவன்.

முடிவு செய்யவேண்டியவள் நீ. நான் சொல்வது ஒரு யோசனை, அவ்வளவுதான். ஜினிஷாவுக்கும் ஒரே நாளில் எதையும் மாற்றக்கூடாது. அவளுக்கு நீதான் பழகிய சோறு. உங்கள் கட்டடத்தின் கீழேயே குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் இருக்கிறதாமே. முதலில் தினமும் ஒரு மணி நேரம், நீயும் கூட உட்கார்ந்து. பிறகு இரண்டு மணி நேரம், நீ இல்லாமல். பிறகு அரை நாள். பத்து நாள் போதாவிட்டால் மாதம் ஆகட்டும். பிறகு இங்கே வருவதா, அங்கேயே இருப்பதா, பாதிக்குப் பாதியா என்று நீ சொல். நீ சொல்வதுதான் கணக்கு.

வியாழன் அமாவாசை. மேல்மலையனூர்க் கூட்டத்தில் பஸ்ஸில் கால் வைக்க முடியாது. சனிக்கிழமை காலை பெங்களூர் பஸ் ஏறுகிறேன். பட்டாணியைக் கன்னியப்பன் பார்த்துக்கொள்வான். ஐந்தரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடவேண்டும் என்றதும், "நாய்க்கு பந்தி பரிமாற வெச்சிட்டீங்களே சார்!" என்றான். ஆனால் சரி என்றான். அங்கே இருக்கும் நாளெல்லாம் பால்கனியில் என் தட்டும் இருக்கும். வரவேண்டாம் என்றால் தனகோட்டி போனிலிருந்து ஒரு வார்த்தை சொல். வரமாட்டேன்.

சனிக்கிழமைவரை ஒன்று செய்து பார். சாயங்காலம் ஐந்தரைக்கு, உன் செருப்பு ஒன்றைக் கதவிடுக்கில் வைத்துவிட்டு, ஜினிஷாவையும் தட்டையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்து, மாடிப்படியில் உட்கார்ந்து சாப்பிடு.

மல்லிநாதன்