அத்தானின் சாதாரண மூச்சு

மார்ச் 3
மயக்க வாயு ஆய்வுக்கு இன்னும் ஒரே ஒரு ஆள் வேண்டும். இந்த மாதத்துக்குள் கிடைக்காவிட்டால் என் பரீட்சை அடுத்த வருடம்தான். ஆள் முகமூடி மாட்டிக்கொண்டு தூங்காமல் படுத்திருந்தால் போதும். ஆக்சிஜனைச் சற்றுக் குறைப்போம். உடம்பு பதறி வேகமாக மூச்சு வாங்கும். துளி மயக்க வாயு கலந்தால், தூக்கம் வருவதற்கு முன்பே அந்தப் பதற்றம் மழுங்கிவிடும் என்பது என் கட்சி.

அக்கா வீட்டுக்காரர் வருகிறேன் என்றார். நீச்சல் பயிற்சியாளர். மூச்சு விஷயத்தில் தன்னை அடித்துக்கொள்ள ஆளில்லையாம். நானும் நம்பித் தொலைத்தேன்.

மார்ச் 6
பாழ்.

அத்தான் மூச்சு விடவில்லை, கச்சேரி செய்தார். ஆழமாக இழுத்து, நிறுத்தி, நிதானமாக விட்டார். வாயு திறக்கும் முன்பே திரையில் மூச்சின் அளவைக் காட்டும் கோடு மலையேறியது. "சும்மா சாதாரணமா விடுங்க அத்தான்" என்றேன். அவ்வளவுதான், சாதாரணமாக எப்படி விடுவது என்பதே அவருக்கு மறந்துபோயிற்று. இதை எழுதும்போது எனக்கும் மறக்கிறது.

மார்ச் 9
கவனத்தைத் திருப்பச் சொன்னார் பேராசிரியர். சிரிப்புப் படம் போட்டோம்; கோடு குதித்தது. கால்பந்து போட்டோம், கோல் விழும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டார். பேராசிரியரின் வகுப்புப் பதிவைப் போட்டோம். மூச்சு அருமையாகச் சீரானது, ஆனால் தூங்கிவிட்டார். தூங்கினால் கணக்கில் சேராது. பேராசிரியர் முகத்தை நான் பார்க்கவில்லை.

மார்ச் 10
பயமா இருக்கு. வேற ஆளும் கிடைக்கல. ஒரு மனுஷனைச் சும்மா மூச்சு விட வைக்க முடியல — நானெல்லாம் என்ன டாக்டர்?

மார்ச் 13
அக்கா துணைக்கு வந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு, பக்கத்து வீட்டுக் குழாய்த் தகராறை ஆதியிலிருந்து ஆரம்பித்தாள். அத்தான் தலையை மட்டும் ஆட்டினார். கோடு இறங்கிச் சீரானது! விழித்துக்கொண்டே எதையும் கேட்காமலிருப்பது இத்தனை வருடத்தில் அவருக்குக் கைவந்த கலை.

முதலில் வாயு இல்லாமல் ஆக்சிஜனைக் குறைத்தோம், மூச்சு வேகமெடுத்தது. பிறகு துளி வாயுவோடு குறைத்தோம். உடம்பு அலட்டிக்கொள்ளவே இல்லை. கண் திறந்திருக்க, தலை ஆட, மூச்சு மட்டும் அப்படியே. சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போதுதான் அக்கா குரலை மாற்றாமல் சொன்னாள்: "அடுத்த வாரம் எங்கம்மா வந்து ரெண்டு மாசம் இருக்கப் போறாங்க."

மூச்சு ஜிவ்வென்று ஏறியது. எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

மார்ச் 27
போகவில்லை. முந்தைய அளவுகளே போதும் என்றார் பேராசிரியர். திடுக்கிட வைத்தால் மழுங்கிய மூச்சும் விழித்துக்கொள்கிறது என்று தனியாக ஒரு பத்தி எழுதச் சொன்னார். இன்று ஆய்வேட்டை ஒப்படைத்தேன்.

அம்மா ஏன் இன்னும் வரவில்லை என்று அக்காவிடம் கேட்டேன். வருவதாகவே இல்லையாம். "நீ உன் சோதனையப் பண்ணின, நான் என் சோதனையப் பண்ணினேன்" என்றாள்.

முடிவு என்ன என்று கேட்டேன். ஒரு தடவையை வைத்து எதுவும் சொல்ல முடியாதாம், இன்னும் நாலைந்து தடவை செய்து பார்க்க வேண்டுமாம்.