சம்பந்தி வீட்டுக்குத் தெரியாத அறைகள்

டிசம்பர் 9, செவ்வாய்

செங்கல்பட்டில் காலையிலிருந்து தூறல். ஆபீஸ் வாசலில் வழுக்கினேன். விழவில்லை. மானம் மட்டும் விழுந்தது, எதிரே ஜெனிபர். என் டீமில் வயதில் சின்னவள், வாயில் பெரியவள்.

உள்ளே போனதும் அவளோடு தகராறு. மாமல்லபுரம் பக்கம் ஒரு ரிசார்ட்டுக்கு அறை பதிவு செய்யும் வெப்சைட். அறை போடுகிறவர் தேர்ந்தெடுக்கும் தேதி, அறை, எத்தனை பேர், இதையெல்லாம் பக்கம் எங்கே நினைவில் வைப்பது? நான்: எல்லாம் ஒரே ஸ்டோரில், அதாவது பக்கம் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் நினைவுப் பெட்டியில்.

"எல்லாத்தையும் ஒரே பீரோவுல அடைச்சா எப்டி சார்? தேதியும் ரூமும் லிங்க்லயே இருக்கட்டும்."

லிங்க் நீளமானால் அசிங்கம் என்றேன். உண்மைக் காரணம்: எனக்கு ஸ்டோர்தான் தெரியும். டீம் லீட் என்ற கிரீடம் வேறு. ஜெயித்தேன்.

வாங்க: பால், கொசுவத்தி, தலைக்கு டை (கறுப்பு. போன தடவை பிரவுன் வாங்கி ஊரே சிரித்தது).

டிசம்பர் 11, வியாழன்

வெயில். சைட்டை ரிசார்ட் முதலாளி ஏகாம்பரத்திடம் சோதனைக்குக் கொடுத்தாயிற்று.

"ஞாயித்துக்கிழம வரிக்கும் பாப்பேன். சரியா வர்லனா வேற ஆள பாத்துக்கினு போய்னே இருப்பேன்."

பல்லைக் காட்டினேன். எங்கள் எம்.டி. என் நாற்காலியையும் ஜெனிபரையும் மாறி மாறிப் பார்த்தார்.

டிசம்பர் 12, வெள்ளி

ஏகாம்பரம் போன். காதில் இன்னும் ரீங்காரம்.

"இன்னாய்யா பண்ணி வச்சிக்கீற? பொங்கலுக்கு தேதி போட்டு, கடல் பாத்த ரூமு ரெண்டு எடுத்து, சம்பந்தி வூட்டு வாட்ஸப் குரூப்புல லிங்க் போட்டேன். அவங்க தொறந்தா வெறும் முதல் பக்கம் கீது! 'ரூமு காட்ட மனசில்லியா'ன்னு சம்பந்தியம்மா கேக்குது. எம்பொண்ணு அழுவுது!"

நியாயம். என் ஸ்டோரில் இருப்பது அவர் போனுக்குள் மட்டும். லிங்க்கில் ஒன்றும் போகாது. நம் ஆட்களில் யார் தனியாக ரூம் போடுகிறார்கள்? குரூப்பில் போடணும், சித்தப்பா முறைக்கணும், அத்தை விலை கேட்கணும். வேடந்தாங்கல் போக வேன் பிடிக்க எங்கள் குடும்ப குரூப்பே ஒரு வாரம் அடித்துக்கொண்டது. அதில் பாதிச் சத்தம் என்னுடையது. எனக்கே தோன்றவில்லை பாருங்கள்.

ஜெனிபர் முன்னால் போய் நின்றேன்.

"லிங்க் நீளமானா அசிங்கம்னு யாரோ சொன்னாங்க சார்."

"நான்தாம்மா அது. ஆரம்பி."

சிரிக்காமலிருக்க உதட்டைக் கடித்தாள். சிரித்திருக்கலாம்.

டிசம்பர் 13, சனி

நாள் முழுக்க வேலை. தேதி, அறை, ஆள் எண்ணிக்கை: லிங்க்கில். காலி அறை, வாடகை: கணக்கு வைத்திருக்கும் சர்வர் கம்ப்யூட்டரிடம் அவ்வப்போது கேட்டு. பக்கத்தின் மேலே உள்ள மெனு திறந்ததா மூடியதா: அந்த மெனுவே பார்த்துக்கொள்ளும்.

ஸ்டோரில் மிச்சம் என்ன என்று தேடினேன். ஒன்றுமில்லை. அழித்தேன். அழுகை வரும் என்று நினைத்தேன், பசி வந்தது. ஜெனிபருக்கும் சேர்த்துப் பரோட்டா.

டிசம்பர் 14, ஞாயிறு

காலையிலேயே ஏகாம்பரத்துக்குச் சொல்லிவிட்டேன்: மறுபடி தேர்ந்தெடுத்து, மறுபடி குரூப்பில் போடுங்கள். பதில் இல்லை. ஜெனிபர் சர்ச்சில். சாயங்காலம் மனைவியோடு நெம்மேலி கடற்கரை. அலை இருந்ததாம். நான் போனைப் பார்த்தேன்.

"ஏங்க, அடைகாத்தது போதும். உள்ள வைங்க."

வைக்கும்போது அடித்தது.

"யோவ்! தொறந்துச்சுய்யா! நா போட்டா மாதிரியே அங்கயும் கீது!"

"சம்பந்தியம்மா என்ன சொன்னாங்க?"

"மாடி வாணாம், படி ஏற முடியாதுன்னு கீழ் ரூமா மாத்தி புது லிங்க் அனுப்பிச்சி. மாப்ள அத்த மாத்தி வேற அனுப்பறான். எம்பொண்ணு அவன திட்டிக்கினு கீது. குரூப்பே ரகள! நீ நாளிக்கி வா, மிச்ச வேலையும் நீயே பண்ணு."

ஜெனிபருக்குச் செய்தி போட்டேன். 'ஸ்தோத்திரம் சார்' என்றாள்.

ஒரு குடும்பமே அடித்துக்கொள்கிறது, ஒருவர்கூட என்னைத் திட்டவில்லை. சுண்டல் வாங்கினேன். மனைவிக்கு ஒன்று, எனக்கு இரண்டு.