பாவு ஏற்றிய கிதார்

திருப்பதி
9 ஜூன் 2024

அன்புள்ள மாமாவுக்கு, நளினி எழுதுவது.

கிதார் பத்திரமாக வந்தது. நம் சுரேஷ்பாபு தம்பி கடைகளுக்குக் கொண்டுவரும் புடவை மூட்டையோடு அதையும் சுமந்துவந்து, நான் வேலை செய்யும் லேப் வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போனார். "இன்னா அண்ணி, மாசாமாசம் இத்த தூக்கினு திரியிறேன். பஸ்ல கீறவன் எல்லாம் வீணையா, துப்பாக்கியான்னு கேக்கறான்" என்று அலுத்துக்கொண்டார். அலுப்பு வாயில்தான். ஒரு கீறல்கூட இல்லாமல் கொண்டுவருகிறார். அவருக்குச் சீக்கிரம் பெண் பாருங்கள்.

கிதார் பையில் கடிதம் வைத்து அனுப்புவது என்று நாம் முடிவு செய்தது நல்லதாகப் போயிற்று. போன் என்றால் 'துன்னியா'வில் தொடங்கி 'எப்ப வர்றீங்க'வில் சண்டையாக முடிகிறது. காகிதத்தில் கத்த முடியவில்லை. தெலுங்கில் எழுதினால் எனக்குக் கை வேகமாக ஓடும், ஆனால் உங்களைக் குறை சொல்லத் தமிழ்தான் வாகாக இருக்கிறது.

வந்ததும் முதல் வேலை, ஆறு தந்திகளையும் கழற்றித் திருப்பிக் கட்டியது. வலக்கைக்காரர் ஒருவரும் இடக்கைக்காரி ஒருத்தியும் ஒரே கிதாரை வாங்கினால் இதுதான் கதி. கழுத்தின் முனையில் தந்திகள் உட்காரும் நட் பட்டையைப் பிடுங்கி, இந்தப் பக்கத்தை அந்தப் பக்கமாக வைத்து, தடித்த தந்தியை மேலே கொண்டுவருவதற்குள் ஞாயிற்றுக்கிழமைக் காலை போய்விட்டது. அந்தப் பட்டையை ஒட்டாமல் வைத்திருப்பதால் தந்தி கழன்றதும் எங்காவது உருண்டு ஓடிவிடுகிறது. இந்த முறை கட்டிலுக்கு அடியில்.

நம் கல்யாண மொய்யில் வாங்கிய சீனத்துக் கிதார். பார்க்க மட்டும் அந்தக் காலத்து வெளிநாட்டு மாடல், வெண்ணெய் நிறம், மினுக்கு எல்லாம். கீயைத் திருகிச் சுருதி சேர்த்தால் இரண்டு பாட்டு தாங்குவதில்லை. அடுத்து உங்கள் முறை. கீயை நீங்கள் பாருங்கள், உள்ளே இருக்கும் கம்பி வேலையை நான் பார்க்கிறேன்.

உங்கள் தம்பி கிஷோர் தறி வேலை பழகிவிட்டானா? அவன் பழகியதும் 'அடுத்த மாதம்' நீங்களும் திருப்பதிக்கு வந்துவிடுவதாகச் சொன்னீர்கள். எனக்கு இங்கே வேலை கிடைத்தபோது சொன்னது. இரண்டு வருஷம் ஆகிறது. இதைச் சண்டையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அத்தையைக் கேட்டதாகச் சொல்லவும்.

அன்புடன்
நளினி


நகரி
14 ஜூலை 2024

என் நளினிக்கு,

பழைய கீகளைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுசு ஆறும் மாட்டியாயிற்று. அதே பழைய மாடல் தோற்றம்தான், ஆனால் உள்ளே பல்சக்கரம் கெட்டி. துளை கொஞ்சம் சின்னது என்பதால் அரத்தால் ராவ வேண்டியிருந்தது. திங்கட்கிழமை சேர்த்த சுருதி வெள்ளிக்கிழமை வரை அப்படியே நிற்கிறது.

இன்னொரு தொல்லை தீரவில்லை. பக்கத்து அறையில் தறி மோட்டார்கள் ஓடுகிறபோது ஆம்ப்ளிஃபையரில் 'ஙொய்' என்று ஒரே இரைச்சல். நான் ஒரு சுரம் பிடித்தால் அது வேறு சுருதியில் கூடவே பாடுகிறது. கரண்ட் போனால் தறி நிற்கும், வாசிக்கலாம் என்று பார்த்தால் ஆம்பும் சேர்ந்து நின்றுவிடுகிறது. நகரியில் கிதார் வாசிக்க நேரம் என்று ஒன்று கிடையாது போலிருக்கிறது.

பையைத் தூக்கிக்கொண்டு சுரேஷ்பாபு உள்ளே வந்ததும் அம்மா, "அவ வர்லியா? பொட்டிதான் வந்துச்சா?" என்று கேட்டாள். அப்புறம் என்னைப் பார்த்து, "ரெண்டு பேரும் ஒரு மரக்கட்டைய வெச்சிக்கினு குடித்தனம் நடத்தறீங்கடா" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கிஷோருக்குத் தறியைவிடப் போன் நன்றாக ஓடுகிறது. நீளவாட்டில் ஓடும் பாவு நூல் அறுந்ததுகூடத் தெரியாமல் அரைப் புடவை நெய்துவிட்டான். இவனை நம்பி எப்படி வருவது, நீயே சொல். இந்த மாதக் கடைசியில் ஆடிக் கிருத்திகை நெரிசல் முடியட்டும், அடுத்த மாதம் ஒரு முடிவுக்கு வருகிறேன்.

வேளைக்குச் சாப்பிடு. லேபில் மற்றவர்கள் ரத்தத்தையே பார்த்துக்கொண்டு உன் உடம்பை விட்டுவிடாதே.

உன்
சுதீர்


திருப்பதி
18 ஆகஸ்ட் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கீகள் அருமை. இதைச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

இரைச்சலுக்கு ஒரு வழி பார்த்திருக்கிறேன். கிதாரின் முகத்தட்டைக் கழற்றி, உள்ளே கம்பிகள் கிடக்கும் குழி முழுக்க ஒட்டும் செம்புத் தாளைச் சுவர் போல ஒட்டி, அதை எர்த் கம்பியோடு ஈயம் வைத்துப் பற்றவைத்துவிட்டேன். வெளி மோட்டாரின் இரைச்சலை அது உள்ளே விடாதாம். பற்றவைப்பு எங்கள் லேபில் மெஷின் பார்க்க வரும் டெக்னீஷியனிடம் கற்றுக்கொண்டது. விரலில் இரண்டு இடத்தில் சூடு. கரகரவென்ற வால்யூம் குமிழையும் மாற்றிவிட்டேன்.

எனக்கு இங்கே இரைச்சலே கிடையாது. பக்கத்து வீட்டுக் குக்கர் விசில்தான் பெரிய சத்தம். ஆனாலும் ஒரு வாரம் சாயங்காலமெல்லாம் குனிந்து உட்கார்ந்து ஒட்டினேன். தறி ஓடும்போதே நீங்கள் வாசிக்க வேண்டும் என்று ஆசை.

ஒரு செய்தி. காஞ்சனா என்று ஒருத்தி, எங்கள் லேபில் கம்ப்யூட்டர் பார்க்கிறவள், நன்றாகப் பாடுவாள். அவள் அண்ணன் உதயா கல்யாண ரிசப்ஷன்களுக்கு ஒரு பாட்டுக் குழு வைத்திருக்கிறார். செப்டம்பர் 22-இல் ஒரு மேடை. கிதாருக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அது உங்கள் முறை வரும் மாதம். ஒரு வாரம் முன்னதாக அனுப்பினால் போதும்.

கிதாரை அனுப்புவதைவிட நீங்களே கொண்டுவந்தால் நல்லது. கல்யாணத்துக்கு முன்னால் ஒரே மேடையில் வாசித்தவர்கள்தானே நாம். முதல் வரிசையில் நீங்கள் உட்கார்ந்திருந்தால் எனக்குத் தாளம் தப்பாது. வருவீர்களா? இதற்கு மட்டும் 'பார்க்கிறேன்' என்று எழுதாதீர்கள்.

அன்புடன்
நளினி


நகரி
15 செப்டம்பர் 2024

என் நளினிக்கு,

உன் செம்புத் தாள் வேலை செய்கிறது! எல்லாத் தறியும் ஓடிக்கொண்டிருக்க, ஆம்பைப் போட்டேன். இரைச்சல் இருக்குமிடம் தெரியவில்லை. அம்மாகூட வந்து எட்டிப் பார்த்து, "இன்னாடா, இன்னிக்கு அது அழுவல?" என்றாள்.

பதிலுக்கு நானும் ஒன்று செய்திருக்கிறேன். பையைத் திறந்ததும் தெரியும். பழைய ப்ளாஸ்டிக் நட்டைத் தூக்கி எறிந்துவிட்டேன். எலும்புத் துண்டு ஒன்று வரவழைத்து, நகை ஆசாரியிடம் ஊசி அரம் வாங்கி, ஆறு தந்திக்கும் ஆறு கனத்தில் வெட்டு எடுத்தேன். இரண்டு துண்டு பாழாகி மூன்றாவதுதான் தேறியது. எலும்பு என்று அம்மாவிடம் சொல்லவில்லை, நீயும் உளறிவிடாதே. ஒவ்வொரு தந்தியும் மணி மாதிரி பேசுகிறது.

முக்கியமான விஷயம், வெட்டெல்லாம் உன் இடக்கைக்கு எடுத்தது. பசை போட்டு நன்றாக ஒட்டியும்விட்டேன். இனி உருண்டு ஓடாது, நீ ஒவ்வொரு தடவையும் அவிழ்த்துக் கட்டிக்கொண்டு கஷ்டப்பட வேண்டாம். முறையெல்லாம் எதற்கு, கிதார் உன்னிடமே இருக்கட்டும்.

22-ஆம் தேதி என்னால் வர முடியாது போலிருக்கிறது. தசரா ஆர்டர் கழுத்தில் நிற்கிறது, கிஷோரை விட்டுவிட்டு வந்தால் கடைக்காரர் என்னைத்தான் பிடிப்பார். கோபித்துக்கொள்ளாதே. மேடையில் நீ ஜமாய்ப்பாய், எனக்குத் தெரியும்.

உன்
சுதீர்


திருப்பதி
29 செப்டம்பர் 2024

சுதீர் அவர்களுக்கு,

மேடை நன்றாக நடந்தது. அறிவிப்பாளர் என்னை "எடம சேத்தி அம்மாயி" என்று அறிமுகப்படுத்தினார், எல்லாரும் என் இடது கையையே பார்த்தார்கள். கிதார் ஒரு இடத்திலும் என்னைக் கைவிடவில்லை. உங்கள் வேலையில் குறை கிடையாது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இப்போது என் கேள்வி. நீங்கள் என்ன செய்திருக்கிறீர்கள் என்று தெரிந்துதான் செய்தீர்களா?

என் சித்தப்பா பாகம் பிரிந்து போனபோது எங்கள் வீட்டில் அவருக்கு ஒரு தறி கொடுத்தார்கள். வெறும் தறியாகக் கொடுக்கவில்லை, புதுப் பாவு ஏற்றிக் கொடுத்தார்கள். உங்கள் வீட்டிலும் அப்படித்தான். பாவு ஏற்றிக் கொடுத்த தறியைத் திரும்பக் கேட்கக் கூடாது, அதோடு கணக்கு முடிந்தது என்று அர்த்தம். கூப்பிடாமல் அந்த வீட்டு வாசலை யாரும் மிதிப்பதும் இல்லை. இது தெரியாத பிள்ளையா நீங்கள்? தந்தி ஆறையும் என் கைக்கு ஏற்றி, பிடுங்க முடியாமல் ஒட்டி, 'உன்னிடமே இருக்கட்டும்' என்று எழுதி, நீங்கள் வராமல் சுரேஷ்பாபுவிடம் கொடுத்தனுப்பியிருக்கிறீர்கள். பையைத் திறந்து பார்த்ததும் அப்படியே மூடி வைத்துவிட்டேன். காஞ்சனா என்ன ஆயிற்று என்று கேட்டாள். புது நட் என்று சொன்னேன்.

நான் செம்பு ஒட்டியது கிதார் உங்கள் வீட்டிலும் வாழ வேண்டும் என்று. நீங்கள் எலும்பு ஒட்டியதில் அது இனி உங்கள் வீட்டுக்கு வரவே முடியாது. ஞாயிற்றுக்கிழமை பாழாகிறது என்று நான் புலம்பியது உண்மைதான். அந்தப் புலம்பல் எனக்குப் பிடித்திருந்தது. திருப்பிக் கட்டும்போதெல்லாம், இதற்கு முன் இந்தத் தந்தியை நீங்கள் தொட்டிருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்வேன். இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வைத்துவிட்டீர்கள்.

எனக்குப் பாகம் வேண்டாம். பிரிகிறீர்கள் என்றால் வாயால் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். இல்லையென்றால் இனி 'அடுத்த மாதம்' என்று ஒரு வரிகூட எழுத வேண்டாம். நானும் எழுதப்போவதில்லை. அனுப்பக் கிதாரும் இல்லை.

நளினி


நகரி
20 அக்டோபர் 2024

என் நளினிக்கு,

பை போகாததால் இதைத் தபாலில் போடுகிறேன்.

சத்தியமாகப் பாவு விஷயம் என் மண்டையில் ஏறவே இல்லை. உன் விரல் நோகக் கூடாது என்று மட்டும்தான் நினைத்தேன். உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். தலையில் அடித்துக்கொண்டாள். "அட பைத்தியக்காரா, பாவேத்திக் குடுத்துட்டியேடா! நா இருக்கும்போதே எம் மருமவளுக்குப் பாகம் பிரிச்சு அனுப்பிட்டியா?" என்று பிடித்துக்கொண்டாள். அன்றைக்குச் சோறு போடும்போதும் வாய் ஓயவில்லை. எலும்பு சமாச்சாரமும் அதில் வெளியே வந்துவிட்டது, அது தனிக் கச்சேரி.

இந்த மாதம் உன்னிடமிருந்து பை வர வேண்டிய ஞாயிற்றுக்கிழமை நான் பழக்கத்தில் புத்தூர் ரோடு முனை வரைக்கும் போய் நின்றேன். சுரேஷ்பாபு கையை வீசிக்கொண்டு இறங்கினான். "இன்னாண்ணா, எதுக்கு நிக்கிற? ஒண்ணும் குடுக்கல" என்றான். வீட்டுக்கு வந்தால் வீட்டில் யாருமே இல்லாத மாதிரி இருந்தது. அம்மா இருக்கிறாள், கிஷோர் இருக்கிறான், தறியெல்லாம் ஓடுகிறது. அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது, நளினி. ஒரு மாதம் விட்டு ஒரு மாதம் கிதார் வந்துகொண்டிருந்ததால் நீயே பாதி வந்துவிட்ட மாதிரி எனக்கு ஆறுதலாக இருந்திருக்கிறது. அந்த ஆறுதலில்தான் இரண்டு வருஷத்தை ஓட்டிவிட்டேன். கிஷோர் மேல் பழி போட்டது சும்மா. நான் இருக்கும் வரைக்கும் அவன் எப்படிப் பழகுவான்?

தறியை அவனிடம் விட்டாயிற்று. நூல் அறுந்தால் முடிந்து பழகட்டும். அம்மா அவனோடு இருக்கிறேன் என்கிறாள், "நீ மொதல்ல போய்ச் சேருடா" என்கிறாள். திருப்பதியில் நாம் சரக்குக் கொடுக்கும் புடவைக் கடையில் வரும் புடவைகளைப் பார்த்து வாங்கும் வேலைக்குப் பேசிவிட்டேன். நவம்பர் ஒன்றாம் தேதி சேரச் சொல்லியிருக்கிறார்கள். முப்பத்தொன்றாம் தேதி தீபாவளியன்று காலை பஸ்ஸில் வருகிறேன். தலை தீபாவளிக்கு வந்த மாதிரி மோதிரம் கேட்க மாட்டேன், பயப்படாதே. கதவைத் திறப்பதும் திறக்காததும் உன் இஷ்டம். நீ பாவு ஏற்றி வாங்கிக்கொண்டவள், கூப்பிடாமல் நான் வாசலை மிதிக்க முடியாது. அதனால் ஒரு வரி எழுது.

ஒட்டினதைப் பிடுங்காதே. நல்ல வேலை, மறுபடி அப்படி வராது. எனக்கு வலக்கைக்கு ஒன்று வாங்கியிருக்கிறேன். அதே சீனத்து மாடல், நீலம். கீ இப்போதே வழுக்குகிறது, உள்ளே செம்பு ஒட்ட வேண்டியிருக்கும். என் ஆம்பைக் கிஷோர் வைத்துக்கொள்ளக் கேட்கிறான், கொடுத்துவிட்டேன். உன் ஆம்பில் இரண்டாவது கிதாருக்கு ஒயர் செருக ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துச் சொல்.

உன்
சுதீர்


திருப்பதி
27 அக்டோபர் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

இதைச் சுரேஷ்பாபு தம்பி கையில் கொடுத்திருக்கிறேன். பை இல்லாமல் வெறும் கவர் என்றதும் அவருக்கு ஒரே சந்தோஷம்.

பார்த்தேன். ஒரே ஓட்டைதான் இருக்கிறது. ஒரு பாட்டு எனக்கு, ஒரு பாட்டு உங்களுக்கு. வாருங்கள்.

நளினி